நிலம் படித்தல் – 9: நான்கு மணி நேரம் ஏன் வீணானது?

2004 டிசம்பர் 26ஆம் தேதி காலை, மலேசிய நேரப்படி 8.58க்கு, சுமத்ராவின் வடமேற்கே கடலடி நிலம் பிளந்தது. கெடாவின் கோத்தா கோலா மூடாவில் ஆழிப்பேரலை கரையேறியபோது பகல் ஒரு மணி தாண்டியிருந்தது. இடையே நான்கு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. கெடாவிலேயே உள்ள சிடாம் கிரியில் காரை எடுத்தால் அந்தக் கடற்கரைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம்கூட ஆகாது. பினாங்கின் அடுக்குமாடிகளில் இருந்தவர்கள் காலையிலேயே அதிர்வை உணர்ந்திருந்தார்கள். இருந்தும் அந்த நான்கு மணி நேரத்தை எவரும் பயன்படுத்திக்கொள்ளவில்லை. மலேசியாவில் 68 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பினாங்கைச் சேர்ந்தவர்கள், கெடாவிலும் உயிர்கள் போயின. கல்லூரி முதலாண்டுப் புவி அறிவியல் பாடத்தில் பேரிடரை எப்படிக் கற்பிக்க வேண்டும் என்ற கேள்வியை இந்த நான்கு மணி நேரத்திலிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன்.

இத்தகைய அறிமுகப் பாடங்கள் உலகெங்கும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன. நிலநடுக்கம், எரிமலை, நிலச்சரிவு, வெள்ளம், புயல் என்று வாரத்துக்கு ஓர் அத்தியாயம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை, ஒரு படம், ஒரு சாவுக் கணக்கு. சுங்கை பட்டாணி மாணவர் பொம்பெயியின் எரிமலைச் சாம்பலையும் கலிஃபோர்னியாவின் நிலப்பிளவையும் தெரிந்துகொண்டு தேர்வு எழுதிவிடுவார். தன் வீட்டு மாடியிலிருந்து தெரியும் ஜெராய் மலையைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டார். பேரிடர்ப் பாடத்தின் உயிர்நாடி காலக் கணக்கு. ஓரிடத்தில் ஒரு நிகழ்வு எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது, அடையாளம் தெரிந்த பிறகு அது வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்ற இரண்டையும் தன் ஊர் மண்ணை வைத்துக் கணக்கிடத் தெரிந்த மாணவர், மற்ற வரையறைகளை மறந்தாலும் நட்டமில்லை.

ஆழிப்பேரலையையே எடுத்துக்கொள்வோம். நிலநடுக்க மையத்திலிருந்து கோலா மூடா நேர்க்கோட்டில் 600 கிலோமீட்டருக்கும் குறைவு; நாகப்பட்டினம் 1,900 கிலோமீட்டருக்கும் மேல். ஆனால் நாகையை அலை சுமார் இரண்டரை மணி நேரத்தில் எட்டியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அருகில் இருந்த நமக்கு அது நான்கு மணி நேரம் கழித்து வந்தது. ஏன்? விடை ஒரு வர்க்கமூலத்தில் இருக்கிறது. புவியீர்ப்பு முடுக்கத்தைக் கடலின் ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அலையின் வேகம் கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழமுள்ள வங்கக் கடலில் அது மணிக்கு 700 கிலோமீட்டர். 50 மீட்டர் ஆழமே உள்ள மலாக்கா நீரிணையில் மணிக்கு 80. ஆச்சே முனையைச் சுற்றிக்கொண்டு நீரிணைக்குள் நுழைந்த அலை, அங்கே சாலையில் போகும் லாரியின் வேகத்துக்குத் தளர்ந்துவிட்டது. பிளவு வடக்கே அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டதால் நாகைக்கான தூரம் சற்றுக் குறைந்தது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்போதும் ஆழமே முதற்காரணம். ஐந்தாம் படிவக் கணிதம் போதும் இதற்கு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த ஒருவருக்குத் தன் கரைக்கு மணிக்கணக்கில் அவகாசம் உண்டு என்பது என்றும் மறக்காது.

அதே மாணவர் ஜெராய்க்கு வரும்போது கணக்கு தலைகீழாக மாற வேண்டும். 1,217 மீட்டர் உயரமுள்ள அந்த மலை, கடலோரச் சமவெளியிலிருந்து ஒரேயடியாக எழுந்து நிற்கிறது. 2021 ஆகஸ்ட் 18 அன்று உச்சியில் பெய்த பெருமழையில் சரிவுகள் பிய்ந்து, மண்ணும் பாறையும் முழு மரங்களுமாக ஓடைகள் வழியே இறங்கின. யான், தீத்தி ஹயூன், மெர்போக், செமிலிங் பகுதிகள் சிதைந்தன. ஆறு பேர் இறந்தனர். ஊரார் கெப்பாலா ஆயர் என்று சொல்லும் இந்தப் பெருக்குக்கு நிமிடங்களே அவகாசம். அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மழை கொட்டலாம். ஓடை திடீரெனக் கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், காரணமில்லாமல் நீர் வற்றினால், மேலே எங்கோ மரமும் மண்ணும் அடைத்துக்கொண்டு நிற்கின்றன என்று பொருள் கொண்டு உடனே கரையேற வேண்டும். செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கும் மாணவர் நாள்தோறும் பார்க்கும் மலை இது. மறு ஆண்டு ஜூலை 4இல் பாலிங் வட்டாரத்துக் கூப்பாங்கில் ஏறத்தாழ இதே நேர்ந்து மூவர் இறந்தனர். இனாஸ் மலையில் டுரியான் பயிரிடக் காடு அழித்ததே காரணம் என்று ஒரு தரப்பும், பெருமழைதான் காரணம் என்று மறு தரப்பும் வாதிட்டன. ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. மழை அளவு, சரிவின் சாய்மானம், செயற்கைக்கோள் படத்தில் தெரியும் காட்டின் பரப்பு ஆகியவற்றை மேசையில் வைத்து, எந்தச் சான்று எதை நிறுவுகிறது என்று மாணவரையே எடைபோட வைக்கலாம்.

மூடா ஆறு இன்னொரு வகைக் காலத்தைக் கற்பிக்கும். 2003 அக்டோபர் வெள்ளம் கெடாவில் சுமார் 45,000 பேரைப் பாதித்தது. அதற்குப் பின் வந்த வெள்ளத் தணிப்புத் திட்டம், 50 ஆண்டு வெள்ளத்தைத் தாங்கும்படி வகுக்கப்பட்டது. இந்த 50 ஆண்டு என்ற சொல்லை மக்கள் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள்: ஒரு முறை வந்துவிட்டால் அடுத்த அரை நூற்றாண்டுக்குக் கவலையில்லை என்று. தாயக்கட்டையில் இப்போது தாயம் விழுந்ததால் அடுத்த உருட்டலில் விழாது என்று எவரும் சொல்வதில்லை. ஆண்டுக்கு ஐம்பதில் ஒரு பங்கு வாய்ப்பு என்றால், 30 ஆண்டு வீட்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் அப்படியொரு வெள்ளம் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 45. ஆற்றின் நீரோட்டத்தை அளக்கும் நிலையம் ஒன்று விக்டோரியா தோட்டத்தில் இருக்கிறது. பாடத்துக்கு வேண்டிய எண்கள் தோட்டத்துக்குள்ளேயே கிடைக்கின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனை போய்த் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதி வரும் இந்த வட்டாரத்தில், மழைநீர் மண்ணில் இறங்கும் அளவு மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் பழைய எண்களை எவ்வளவு நம்பலாம் என்பதே ஒரு பாடமாகும்.

எச்சரிக்கைக் கருவிகள் இருக்கும்போது கல்லூரி மாணவருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2004க்குப் பிறகு மலேசியா தனக்கென ஆழிப்பேரலை எச்சரிக்கை முறையை அமைத்தது. கரையோரங்களில் சங்கொலிக் கோபுரங்கள் எழுந்தன. அவை வேண்டும். ஆனால் 2004இல் ஹவாயிலுள்ள பசிபிக் எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்தில் வெளியிட்ட முதல் அறிக்கை நிலநடுக்கத்தை 8.0 என்று மதிப்பிட்டது. உண்மையில் அது 9.1. ஆற்றலில் இது 40 மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு. 2018 செப்டம்பரில் சுலாவெசியின் பாலு நகரை அலை சில நிமிடங்களில் எட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் அனாக் கிரக்கத்தோவாவின் ஒரு பக்கம் கடலில் சரிந்தபோது எச்சரிக்கையே வரவில்லை. 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இதற்கு எதிர்ச்சான்று சிமலூ தீவு. 1907இன் அலையைக் கதையாகவும் தாலாட்டாகவும் காத்துவந்த அத்தீவில், 2004இல் சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே. அப்படியானால் பாட்டி கதை போதாதா? சிமலூவுக்குப் போதும், அங்கே நிலம் நின்று நடுங்கும். கெடாவில் அதிர்வு மெலிதாகத்தான் வரும், அந்த நினைவும் நம் ஊர்களில் இல்லை. நினைவு இல்லாத இடத்தில் அந்த வேலையைப் பாடம்தான் செய்ய வேண்டும்.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் பெற்றோரிடமிருந்து வரும். தோட்டத்து லயத்திலிருந்து மேலேறி வந்த குடும்பம், பிள்ளை வேலைக்கு ஆகும் படிப்பைப் படிக்க வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. ஆனால் நான் கேட்பது பட்டமல்ல, ஒரு பருவப் பாடம். அதுவும் நிலவியலராகப் போகாதவர்களுக்கே முதலில் வேண்டும். 1993 டிசம்பர் 11இல் மண்சரிவில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் இறந்தனர். 2022 டிசம்பரில் பத்தாங் காலி முகாம் தளத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தனர். சரிவில் கட்டடம் வரலாமா, வடிகால் எந்தப் பக்கம் போக வேண்டும், எந்த இடத்தில் பிள்ளைகளைக் கூடாரம் அடிக்க விடலாம் என்று தீர்மானிப்பவர்கள் நில அலுவலர், குத்தகையாளர், நகராண்மைக் கழக உறுப்பினர், பள்ளி ஆசிரியர். இவர்கள் கல்லூரியில் வேறெங்கும் மண்ணைப் பற்றிப் படித்திருக்க வாய்ப்பில்லை. உள்ளூரையே பார்த்தால் உலக அறிவு சுருங்கிவிடும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. மூடா முகத்துவாரத்தில் தொடங்கிய கணக்குதானே மேலே நம்மை நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோனது.

முதல் மாதத்தை வகுப்பறைக்கு வெளியே வைக்கலாம். தன் வீடு கடல் மட்டத்துக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அதற்கு மிக அருகிலுள்ள ஓடை எந்தச் சரிவிலிருந்து வருகிறது, அங்கே பெய்த மழை இங்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒவ்வொரு மாணவரும் ஒரு வரைபடம் போடட்டும். பிறகு அதை வீட்டுப் பெரியவர்களிடம் காட்டி, வெள்ளம் எதுவரை ஏறியது என்று அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளட்டும். அவர்கள் சொன்ன கோடும் மாணவர் கணக்கில் வந்த கோடும் ஒத்துப்போகாத இடங்களிலிருந்து இரண்டாம் மாத வகுப்பைத் தொடங்கலாம். மூடா ஆற்றில் மணல் அள்ளுவது அந்தக் கோடுகளை எப்படி இடம்பெயர்க்கிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.