தகவல் துளி: திறமையும் நடத்தையும்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்த்திருக்கிறீர்களா? முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-இல், பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலைத் தேர்தலின் விதிகளை அதில் வெட்டிவைத்தார்கள். ஊராட்சிக் குழுவான வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவர், பிறர் பொருளைக் கவர்ந்தவர் பெயரையெல்லாம் குடத்தில் இடவே கூடாது. நிலமும் கல்வியும் மட்டும் போதாது, ஒழுக்கமும் வேண்டும்.

இன்றைய விளையாட்டு ஒப்பந்தங்களிலும் இதே எண்ணம் உண்டு. அமெரிக்க பேஸ்பால் வீரர், தனிப்பட்ட நன்னடத்தைக்கும் உறுதி கூறித்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். நம் நாட்டில், 2019 ஜனவரியில், தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பெண்களைப் பற்றிப் பேசிய பேச்சுக்காக ஹர்திக் பாண்டியா, கே.எல். ராகுல் இருவரையும் கிரிக்கெட் வாரியம் இடைநீக்கம் செய்து, ஆஸ்திரேலியாவிலிருந்து திருப்பி அழைத்தது. இரண்டு வாரத்தில் தடை நீங்கியது. ஏப்ரலில் தலா 20 லட்சம் ரூபாய் அபராதம். அதில் பாதி, பணியில் உயிர்நீத்த துணை ராணுவத்தினர் 10 பேரின் குடும்பங்களுக்கு. மறுபாதி, பார்வையற்றோர் கிரிக்கெட்டுக்கு.

காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் கோர்வை என்னும் நெசவு முறை இறுக்கிப் பிணைக்கிறது. திறமையும் நடத்தையும் அப்படி இணைந்தால்தான் பெயர் நிலைக்கும்.