வேகாவின் கப்பற்றலைவர்

1880ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் இரவு, கரையெங்கும் தீபாலங்காரம் விளங்க, வேகா என்னும் சிறு நீராவிக்கப்பல் சுவீடனின் தலைநகராகிய ஸ்டொக்ஹோம் துறைமுகத்துட் புகுந்தது. ஐரோப்பா, ஆசியா ஆகிய இரு கண்டங்களையும் முதன்முதலாகச் சுற்றி வந்த கப்பல் அதுவே. பயணத்தை வகுத்து நடத்திய பேராசிரியர் நோர்டென்ஷோல்டின் புகழ் உலகெங்கும் பரவிற்று. கப்பலைச் செலுத்திய கடற்படை லெப்டினன்ட் லூயிஸ் பலாண்டரின் பெயரோ சுவீடனுக்கு வெளியே அத்துணை பரவவில்லை. இது நியாயமன்று என்பது எமது எண்ணம்.

சுவீடனின் கடற்படைத் தளமாகிய கார்ல்ஸ்குரோனாவில் 1842இல் பிறந்தவர் பலாண்டர். 1868இல் சோபியா என்னுங் கப்பலில் வடதுருவக் கடலை முதன்முறை கண்டார். 1872இல் போல்ஹெம் கப்பலின் தலைமை அவருக்குக் கிடைத்தது. அம்முறை பட்ட துன்பம் சிறிதன்று. ஸ்பிட்ஸ்பேர்கன் தீவின் கரையிலே, பொருள்களை இறக்கிவிட்டு ஊர் திரும்பவேண்டிய வேறிரு கப்பல்களும் பனியில் அகப்பட்டுக்கொண்டன. போல்ஹெமில் வந்தோருக்கென வைத்திருந்த உணவை 67 பேர் பங்கிட்டு உண்ண நேர்ந்தது. சறுக்குவண்டி இழுப்பதற்கென்று கொண்டுவந்த துருவமான்களும் ஓடி மறைந்தன. பல்லீறு வீங்கிக் குருதி கசியும் ஸ்கர்வி நோயும் தலைகாட்டிற்று. அந்த நெடிய இருளிலே பலாண்டர் கற்றவை பின்னர் வேகாவில் பயன்பட்டன என்றே கொள்ளலாம்.

ஆசியாவின் வடகரையை ஒட்டிக் கிழக்கே செல்லும் கடல்வழியை மாந்தர் முந்நூறு ஆண்டுகளாகத் தேடி வந்தனர். 1553இல் அதனை நாடிச் சென்ற ஆங்கிலேயராகிய வில்லோபியும் அவருடன் இருந்தோரும் மாரிக்குளிரிலே மாண்டனர். அவ்வழியில் 1878ஆம் ஆண்டு ஜூன் மாதம் வேகா புறப்பட்டபோது பலாண்டருக்கு வயது 35. கப்பலின் இயந்திரத்துக்கோ 60 குதிரை வலுவே இருந்தது. ஆகஸ்டில் ஆசியாவின் வடகோடியாகிய செலியுஸ்கின் முனையைக் கடந்தனர். மூடுபனியும் மிதக்கும் பனிக்கட்டிகளும் மறிக்க, கரையோரத்தைத் தடவித் தடவிச் சென்ற கப்பல், செப்டெம்பர் 28இல் அசையாது நின்றுவிட்டது. பேரிங் நீரிணைக்கு இன்னும் ஏறக்குறைய 120 கடல்மைலே எஞ்சியிருந்தது. இரண்டு நாட் பயணம்!

அவ்விரண்டு நாளைக் கடக்கப் பத்து மாதமாயின. பனி நெருக்கிக் கப்பல் நொறுங்கினும் ஆட்கள் பிழைக்கவேண்டுமெனக் கரையிலே உணவும் பிறவும் சேமித்து வைக்கப்பட்டன. காந்தவியல் ஆய்வுக்கெனக் கரையில் பனிக்கட்டியால் ஒரு குடில் எழுந்தது. கப்பலிலிருந்து அதுவரை பனித்தூண்களை நிறுத்திக் கயிறு கட்டினர்; பனிப்புயலிற் கண் தெரியாதபோது அக்கயிற்றைப் பற்றியே நடந்தனர். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகைக்கும் அப்பாற் சென்றது. அண்டை வாழ்ந்த சுக்சி மக்கள் நாள்தோறும் வந்து கூடாரமிட்ட மேற்றளத்திற் கூடினர். நத்தார் மரத்துக்கு வேண்டிய சிறு கொம்புகளைத் தேடிக் கொணர்ந்தவரும் அவர்களே. பலாண்டர் அவர்களை நிழற்படம் பிடித்தார்; அக்கடுங்குளிரில் அக்காலத்துக் கருவிகளைக்கொண்டு படம் பிடித்தலே ஒரு சாதனைதான்.

1879 ஜூலை 18இல் அனைவரும் மதிய உணவுக்கு அமர்ந்திருந்தனர். கப்பல் சற்றே அசைந்தது. பலாண்டர் எழுந்து மேற்றளத்துக்கு ஓடினார். பனி நகர்ந்துகொண்டிருந்தது! இயந்திரத்தை முன்னரே செப்பஞ்செய்து வைத்திருந்தமையால், கட்டளையிட்ட இரண்டு மணி நேரத்துள் வேகா கொடிகள் பறக்கப் புறப்பட்டுவிட்டது. இரண்டாம் நாள் பேரிங் நீரிணையைக் கடந்தது. முப்பது பேரில் ஒருவரேனும் இறக்கவில்லை. ஸ்கர்வி எவரையும் அணுகவில்லை. அதே ஆண்டில் வடகடல் புகுந்த அமெரிக்கக் கப்பலாகிய ஜெனற்றின் 33 பேரில் 20 பேர் மாண்டதை நினைக்குமிடத்து இதன் அருமை விளங்கும்.

யப்பானைக் கண்டு திரும்புகையில், 1879 டிசம்பரிலே வேகா நமது காலித் துறைமுகத்திலும் நங்கூரமிட்டது. பேராசிரியர் இரத்தினபுரி வரை சென்று மாணிக்கம் அகழ்வதைப் பார்த்தார்.

தாயகத்திலே பலாண்டருக்குப் பிரபுப் பட்டமும், கப்பலின் பெயர் சேர்ந்த 'பலாண்டர் ஆவ் வேகா' என்னும் பெயரும் கிடைத்தன. பின்னர் அட்மிரலாக உயர்ந்தார். சோபியாவில் அவருக்குத் தலைவராயிருந்த வொன் ஒட்டர் சுவீடனின் பிரதமரானபோது, அவரது அமைச்சரவையில் 1901இல் கடற்படை அமைச்சராகவும் பதவியேற்றார்.

வேகா மீண்டும் திமிங்கில வேட்டைக்குச் சென்று, 1903இல் கிறீன்லாந்தின் மெல்வில் குடாவிலே பனியில் நொறுங்கி மூழ்கிற்று. அதன் தலைவர் 1920ஆம் ஆண்டு ஆகஸ்டில் காலமானார்.