பத்து நிமிஷ நெருப்பு

2000-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாகாணத்து ஆல்புகர்க்கி நகரில் மின்னல் தாக்கி மின்சாரம் தடுமாறியதால், பிலிப்ஸ் ஸ்தாபனத்தின் சிப்புத் தொழிற்சாலையில் உலை ஒன்று தீப்பற்றிக் கொண்டது. பத்து நிமிஷங்களில் நெருப்பு அணைந்துவிட்டது. ஆனால் அணுவளவு தூசியும் அண்டாமல் காக்கப்பட்டு வந்த சுத்த அறைகளுக்குள் புகையும் நீரும் புகுந்தமையால், செல்போன்களில் வைப்பதற்கென்று உருவாகிக் கொண்டிருந்த லட்சக்கணக்கான சிப்புகள் பாழாயின.

அந்த ஆலையின் ஆர்டர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பின்லாந்தின் நோக்கியாவும் ஸ்வீடனின் எரிக்ஸனும் கொடுத்தவை. ஒரு வாரம் தாமதமாகும் என்ற ஒரே செய்திதான் இருவருக்கும் போயிற்று. எரிக்ஸன் அதை நம்பி இருந்துவிட்டது. நோக்கியாவோ, வரவேண்டிய சரக்கைத் தினந்தோறும் விசாரிக்கத் தொடங்கி, தாமதம் பல வாரங்கள் நீடிக்கும் என்று தெரிந்த மாத்திரத்தில், பிலிப்ஸின் தலைமை அதிகாரிகளையே நேரில் கண்டு பேசி, அவர்களுடைய ஐண்ட்ஹோவன், ஷாங்காய் ஆலைகளில் தனக்கு இடம் பெற்றதோடு, சில சிப்புகளை வேறு ஸ்தாபனங்களும் செய்து தரத்தக்கபடி அவற்றின் அமைப்பையே மாற்றிக் கொண்டது.

எரிக்ஸனுக்குப் போக வேறிடம் இல்லை. 1990-களின் நடுவில், சிக்கனத்தை உத்தேசித்து, மாற்று விற்பனையாளர்களை அது விலக்கியிருந்தது. வராமற்போன வியாபாரம் சுமார் 40 கோடி டாலர். 2001 ஜனவரியில் செல்போன் தயாரிப்பைப் பிளெக்ஸ்ட்ரானிக்ஸ் என்னும் ஒப்பந்த உற்பத்தி ஸ்தாபனத்திடம் ஒப்படைப்பதாக அறிவித்தது. அவ்வாண்டே சோனியுடன் கூட்டுச் சேர்ந்தது.

வெளியாரிடம் வாங்கியதே கேடு என்று இதிலிருந்து கொள்வது நியாயமன்று. நோக்கியாவும் அதே வெளியாரிடந்தான் வாங்கிற்று. பிளெக்ஸ்ட்ரானிக்ஸ் போன்ற ஒப்பந்த உற்பத்தியாளருக்குப் பல தேசங்களில் ஆலைகள் உண்டு. வாடிக்கையாளர் ஒருவருடைய வேலை குறைந்தால் மற்றொருவருடைய சர்க்யூட் போர்டுகளை அதே யந்திர வரிசையில் ஓட்ட முடியும். அது மெய்யான சௌகரியம். ஆனால் ஒரே ஓர் ஆலையின் சிப்பைத் தவிர வேறொன்றையும் ஏற்காதபடி போர்டை அமைத்துவிட்டால், அந்த ஆலைகள் அத்தனையும் ஒருங்கே கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

கொள்முதல் அதிகாரியை விலை குறைத்ததற்காகப் பாராட்டுகிறார்கள். இரண்டாவது வழியை அழியவிடாமல் வைத்திருந்ததற்காக எவரும் பாராட்டுவதில்லை என்பது எனக்கு மிகுந்த விசனத்தைத் தருகிறது. மாற்றுச் சிப்பை வரவழைத்து, போர்டில் பொருத்தி, வெப்பத்திலும் அதிர்விலும் சோதித்து, அங்கீகாரம் தந்து பட்டியலில் ஏற்றுவதற்கு மாதக்கணக்கில் பிடிக்கும். நெருப்புப் பற்றிய பிற்பாடு அந்த வேலையை ஆரம்பிக்கிறவருக்கு அத்தனை மாதங்கள் கிடைப்பதில்லை.