குழந்தை உறங்கும் இடம்

மனிதனுக்கு இவ்வுலகில் முதன்முதலாக ஒதுக்கப்படும் இடம் அவன் உறங்கும் இடமே ஆகும். பிறந்த குழந்தை ஒரு நாளில் ஏறத்தாழ 16 மணி நேரம் உறங்குகின்றது. பாலுண்ணும் நேரமும் நீராட்டும் நேரமும் போக, அதன் முதல் சில மாத வாழ்க்கை படுக்கையிலேயே கழிகின்றது எனலாம். ஆகையால் அப்படுக்கை எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பது அற்பமான வினா அன்று.

“இது தாய்மார்களின் கவலையாயிற்றே; மாணவர்களிடம் இதைப் பேசுவானேன்?” என்று சிலர் கேட்கக்கூடும். நம் வீடுகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். தம்பியோ தங்கையோ பிறந்துவிட்டால், பள்ளி விட்டு வந்த பிள்ளையின் கையில் அன்றோ தூளிக் கயிறு கொடுக்கப்படுகின்றது? தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வந்திருக்கும் அக்காளுக்காகக் கடைக்குச் சென்று கட்டில் பார்த்து வருபவன் கல்லூரியில் படிக்கும் தம்பிதான். ஆதலின் இச்செய்தியை அறிந்துகொள்ளும் கடமை உங்களுக்கும் உண்டு.

நெய்வேலி நகரியத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. அடுத்த ஆண்டு மே 20-ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். நிலக்கரிக்காகச் சிற்றூர்கள் பல இடம் பெயர்ந்தன. வட்டம் வட்டமாக வகுக்கப்பெற்ற புதிய நகரியம் எழுந்தது. பல மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் அங்கே குடியேறினர்.

இம்மாற்றத்திற்கும் குழந்தையின் படுக்கைக்கும் என்ன தொடர்பு? பெரிய தொடர்பு உண்டு. சிற்றூரின் ஓட்டு வீட்டிலும் கூரை வீட்டிலும் குறுக்கே ஓர் உத்தரம் இருக்கும். அதில் பழைய நூற்சேலையைக் கட்டினால் தூளி ஆயிற்று. சில ஊர்களில் இதனை ஏணை என்பர். தூளிக்கு அருகில் பாட்டி வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பாள். அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். குழந்தை சற்றே முனகினாலும் அதனைக் கேட்க நான்கு செவிகள் இருந்தன. நகரியத்து வீட்டிலோ கணவனும் மனைவியும் குழந்தையும் மட்டுமே. சுரங்கத்திலும் மின் நிலையத்திலும் இரவும் பகலும் முறை வைத்து வேலை நடக்கின்றது. கணவன் இரவு முறைக்குச் சென்றுவிட்டால் தாய் தனியள். பகலெல்லாம் உழைத்த அவள் கண்ணயர்ந்துவிட்டால், குழந்தையைப் பார்க்க யாருமில்லை. நெய்வேலியில் மட்டுமன்றித் தொழில் வளர்ந்த ஊர்களிலெல்லாம் இன்று இதுவே நிலை.

தூளியை நான் குறை கூறவில்லை. அதன் சிறப்பை இயற்பியல் கொண்டே விளக்கலாம். ஊசல் ஒரு முறை சென்று மீளும் காலம் அதன் நீளத்தைப் பொறுத்தது என்று படித்திருக்கிறீர்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் சென்று மீள ஏறத்தாழ 2 வினாடி ஆகும். இரண்டேகால் மீட்டராயின் 3 வினாடி ஆகும். உயரமான உத்தரத்திலிருந்து தொங்கும் தூளி மெல்ல அசைவதற்கு அந்த நீளமே காரணம். மென்மையான இந்த அசைவு குழந்தைக்கு அமைதி தருகின்றது. நூற்சேலை காற்றோட்டமானது, நாள்தோறும் துவைப்பதற்கும் எளியது. காசு செலவும் இல்லை.

ஆயினும் தூளிக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, அதன் வளைவு. பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அத்தலையைத் தாங்கும் கழுத்துத் தசைகளோ வலுவற்றவை. வளைந்த படுக்கையில் கிடக்கும்போது முகவாய் மார்பில் பதிந்துவிடக்கூடும். அப்போது மூச்சுக் குழல் மடங்கி ஒடுங்குகின்றது. தலையை நிமிர்த்திக்கொள்ளவோ உரக்க அழவோ அச்சிசுவால் இயலாது. ஓசையின்றி நேரும் இடர் இது. துணியின் மடிப்பு மூக்கின்மேல் விழுந்தாலும் இதே கதிதான்.

இரண்டாவது குறை, வளர்ந்த பிள்ளைகளாகிய உங்களைப் பற்றியது. குழந்தையை எடுத்துவிட்டபின் வெறுமையாகத் தொங்கும் தூளியில் ஏறி, அதை முறுக்கிச் சுழன்று விளையாடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. முறுக்கிய சேலை கழுத்தில் இறுகிச் சிறுவர் சிறுமியர் உயிரிழந்த செய்தியை நம் நாளேடுகளில் பலமுறை காண்கிறோம். கழுத்து இறுகினால் சில நொடிகளிலேயே நினைவு தப்பிவிடும்; குரல் எழுப்பவும் நேரம் இராது. ஆகவே குழந்தையை எடுத்தவுடன் தூளியை அவிழ்த்துவிட வேண்டும். அல்லது சுருட்டி எட்டாத உயரத்தில் முடிந்துவிட வேண்டும். இதனை உங்கள் வீட்டில் ஒரு விதியாகவே ஆக்கிக்கொள்ளுங்கள்.

இவற்றிலிருந்து நாம் அறியும் உண்மை யாது? தூளிக்குக் காவலாக இருந்தது விழித்திருக்கும் கண். அக்கண் உள்ள பகல் நேரத்தில், அருகிலிருந்து சிறிது நேரம் தூளியில் ஆட்டலாம். வீட்டார் அனைவரும் உறங்கும் இரவிலோ படுக்கையே குழந்தைக்குக் காவலாக அமைய வேண்டும். கட்டிலைத் தேர்ந்தெடுப்பதற்கு உரிய அடிப்படை இதுதான்.

அத்தகைய படுக்கை எங்கே இருக்க வேண்டும்? தாய்க்கு அருகில் இருக்க வேண்டும். ஆனால் தனியாகவும் இருக்க வேண்டும். அருகாமை ஏன் வேண்டும் எனில், பச்சிளங் குழந்தைக்கு இரவில் பலமுறை பாலூட்ட நேர்கின்றது. உலக நல்வாழ்வு நிறுவனமும் யூனிசெப்பும் 1991-இல் தொடங்கிய தாய்ப்பால் ஊக்குவிப்புத் திட்டத்தில், தாயையும் சேயையும் இரவும் பகலும் ஒரே அறையில் வைத்தல் வேண்டும் என்பது ஒரு விதி. தனிமை ஏன் வேண்டும் எனில், அயர்ந்து உறங்கும் பெரியவரின் கையோ போர்வையோ தலையணையோ குழந்தையின் முகத்தை மூடிவிடக்கூடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016-இல் வெளியிட்ட அறிவுரையில், குறைந்தது முதல் ஆறு மாதங்களாவது குழந்தை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் வேறு படுக்கையில் உறங்க வேண்டும் என்று கூறியது. பாலூட்டும் தாய் நாற்காலியிலோ சோபாவிலோ குழந்தையுடன் உறங்கிவிடுவது மிகவும் ஆபத்தானது என்பதையும் மருத்துவர்கள் வற்புறுத்துகின்றனர்.

குழந்தையைக் கிடத்தும் முறையும் முக்கியமானது. மேல்நாடுகளில் ஒரு காலத்தில் குழந்தைகளைக் குப்புறக் கிடத்தும் வழக்கம் பரவியிருந்தது. நலமாக இருந்த குழந்தைகள் உறக்கத்திலேயே இறந்து கிடப்பதை ஆராய்ந்த மருத்துவர்கள், குப்புறக் கிடத்துவது அதற்கு ஒரு பெருங்காரணம் என்று கண்டனர். பிரிட்டனில் 1991-இலும் அமெரிக்காவில் 1994-இலும் “மல்லாந்து கிடத்துங்கள்” என்ற இயக்கம் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் அந்நாடுகளில் இவ்வகை இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. புதிய மருந்தோ கருவியோ இல்லாமல், கிடத்தும் முறையை மாற்றியதாலேயே பல்லாயிரம் உயிர்கள் பிழைத்தன.

இனிக் கட்டிலுக்கு வருவோம். கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதாயினும், பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரத்தில் தச்சரைக் கொண்டு செய்விப்பதாயினும், உறவினர் வீட்டிலிருந்து “ராசியான தொட்டில்” என்று இரவல் வாங்குவதாயினும், ஐந்து சோதனைகளில் அது தேற வேண்டும்.

முதற் சோதனை, சமதளம். படுக்கை சாய்வாக இருத்தலாகாது. அமெரிக்காவில் பெயர்பெற்ற நிறுவனம் ஒன்று விற்ற சாய்வுப் படுக்கைகளில் 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த செய்தி வெளிப்பட்டபின், 2019 ஏப்ரலில் ஏறத்தாழ 47 லட்சம் படுக்கைகள் திரும்பப் பெறப்பட்டன. குழந்தை உறங்குவதற்கென 10 பாகைக்கு மேற்பட்ட சாய்வுள்ள படுக்கையை விற்பதை அந்நாடு 2022-இல் சட்டத்தால் தடுத்தது. 80 செ.மீ. நீளத்தில் ஒரு முனை மற்றதைவிட 14 செ.மீ. உயர்ந்தால் அது 10 பாகையாகும் என்பதை முக்கோணவியல் கற்றோர் கணக்கிட்டுக் காணலாம். நமக்கு வேண்டுவது அச்சாய்வும் இல்லாத தளம்.

இரண்டாவது, உறுதி. மெத்தையைக் கையால் அழுத்திவிட்டு எடுத்தால் பள்ளம் தங்கக் கூடாது. இலவம்பஞ்சு மெத்தை பெரியவர்களுக்கு இன்பமானது, குழந்தைக்கு ஏற்றதன்று. முகம் புதைந்தால், தான் வெளிவிட்ட கரியமில வாயுவையே அது மீண்டும் உள்ளிழுக்க நேரும். கட்டிலின் கால்களும் ஆட்டம் காணாமல் நிற்க வேண்டும்.

மூன்றாவது, இடைவெளி. பக்கக் கம்பிகளுக்கிடையே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருத்தலாகாது. அமெரிக்க அரசு 1973-இல் வகுத்த விதியின் அளவு இது. குழந்தையின் கால்களும் உடலும் நுழைந்து, தலை மட்டும் சிக்கிக்கொள்ளாதபடி கண்ட அளவு. மெத்தைக்கும் சட்டத்திற்கும் இடையே இரண்டு விரல் நுழையுமாயின் மெத்தை சிறியது என்று அறிக. பக்கச் சட்டத்தை மேலும் கீழும் இறக்கும் கட்டில்களை வாங்க வேண்டா. சட்டம் கழன்று குழந்தைகள் சிக்கி இறந்ததனால் அமெரிக்கா 2011-இல் அவற்றைத் தடை செய்தது.

நான்காவது, வெறுமை. தலையணை, பக்கத் திண்டு, கனத்த போர்வை, பஞ்சுப் பொம்மை ஆகியவை கட்டிலில் கூடா. தொங்கும் கிலுகிலுப்பையும் கயிறும் கைக்கு எட்டாத தொலைவில் இருக்க வேண்டும். குழந்தையின் கழுத்தில் கறுப்புக் கயிறோ தாயத்தோ கட்டியிருந்தால் உறங்கும்போது கழற்றிவிடுவதே நன்று. கட்டில் நிறைய அலங்கரிப்பது அன்பின் அடையாளம் என்று பலர் எண்ணுகின்றனர். மூச்சுக்கு வழி விடுவதே மேலான அன்பு.

ஐந்தாவது, இணைப்பு. தாயின் கட்டிலோடு ஒட்டி வைக்கும் வகையாயின், இரண்டு மெத்தைகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நடுவே சந்து இல்லாதபடி இறுகப் பிணைக்க வேண்டும். ஆகையால் கடைக்குச் செல்லுமுன் தாயின் கட்டில் உயரத்தை அளந்துகொண்டு செல்க. நம் தாய்மார் பலர் தரையில் பாய் விரித்து உறங்குவர். அவர்களுக்கு உயரமான கட்டிலால் பயனில்லை. கையெட்டும் தொலைவில், சுவரோரச் சந்தில்லாத இடத்தில், தனியே ஒரு கெட்டியான சிறு மெத்தை விரித்தாலே போதும்.

நெய்வேலியின் வெயிலையும் கொசுவையும் மறத்தலாகாது. உறங்கும் குழந்தையின் உடல் மிகச் சூடாவது தீங்கு. வீட்டினுள் தலைக்குக் குல்லாயும் உடலுக்குப் பல சுற்றுத் துணியும் வேண்டா; மின்விசிறிக் காற்று மிதமாக வரட்டும். கொசுவலை அவசியம், ஆனால் அது சட்டத்தின்மேல் விறைப்பாக நிற்க வேண்டுமேயன்றி, தளர்ந்து முகத்தில் விழக் கூடாது. பழைய தொட்டிலாயின் வண்ணத்தையும் கவனிக்க வேண்டும். வீட்டு வண்ணப் பூச்சுகளில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குக் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய வண்ணம் உரிந்து குழந்தையின் வாய்க்குள் செல்லாதபடி காக்க வேண்டும்.

இவ்வளவும் செல்வர் வீட்டுக்கே உரியன என்று எண்ணற்க. பின்லாந்து நாட்டில் 1938 முதல் ஏழைத் தாய்மார்களுக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மார்களுக்கும் அரசு ஓர் அட்டைப் பெட்டியை வழங்கி வருகின்றது. குழந்தைக்கு வேண்டிய துணிகளோடு சிறு மெத்தையும் அதில் இருக்கும். துணிகளை எடுத்துவிட்டு மெத்தையை அடியில் விரித்தால் அப்பெட்டியே படுக்கையாகிவிடும். நம் தமிழக அரசும் 2015-இல் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்காக 16 பொருள்கள் கொண்ட பரிசுப் பெட்டகம் ஒன்றைத் தொடங்கியது. அதில் சிறு படுக்கையும் கொசுவலையும் இடம் பெற்றன. அட்டைப் பெட்டியும் போதும் என்றால், பாதுகாப்பு என்பது விலையில் இல்லை என்பது விளங்கும்.

ஒன்று மட்டும் நினைவிற் கொள்க. தாயின் பக்கத்தில் வைக்கும் சிறு கட்டில் சில மாதங்களுக்கே உரியது. குழந்தை புரளவோ, கையையும் முழங்காலையும் ஊன்றி எழவோ தொடங்கினால் அதனை விட்டுவிட்டு, உயர்ந்த பக்கச் சட்டங்களுள்ள கட்டிலுக்கு மாற்ற வேண்டும். இது பெரும்பாலும் நான்காம் அல்லது ஐந்தாம் மாதத்தில் நிகழும். குறைமாதக் குழந்தையாயினும் நோயுற்ற குழந்தையாயினும் மருத்துவரின் சொல்லே முடிவானது.

மாணவர்களே! சுரங்கத்தில் இறங்குவோன் தலைக்கவசம் அணியாமல் இறங்குவதில்லை. அவனுடைய பாதுகாப்புக்கென்று விதிகளும் மேற்பார்வையாளர்களும் உள்ளனர். அவன் வீட்டில் உறங்கும் குழந்தைக்கு மேற்பார்வையாளர் யார்? படித்தவர்களாகிய நீங்கள்தாம். அடுத்த முறை உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ குழந்தை பிறக்கும்போது, கையில் ஓர் அளவுநாடா எடுத்துச் செல்லுங்கள். கம்பிகளின் இடைவெளியை அளந்து பாருங்கள். மெத்தையை அழுத்திப் பாருங்கள். வெறுந்தூளி தொங்கினால் அவிழ்த்து வையுங்கள். பெரியவர்கள் முதலில் நகைக்கலாம். காரணத்தைப் பணிவோடு எடுத்துச் சொன்னால் கேட்பார்கள்.