"மக்கு" என்று ஒரு வகை கிடையாது!



"இவனுக்குப் படிப்பு ஏறல. பேசாம ஷூ கம்பெனிக்கு அனுப்பிடுங்க." ஒடுகத்தூரிலிருந்து ஆம்பூர் வரை எத்தனை வீடுகளில் இதைக் கேட்டிருப்போம்! கம்பெனி வேலை மட்டம் என்று சொல்ல வரவில்லை. அந்த உழைப்பில்தான் நம்மில் பலர் ஃபீஸ் கட்டிப் படிக்கிறோம். ஆனால் ஏன் ஏறவில்லை என்று பார்க்காமலே முடிவு கட்டலாமா?

லேபில் மோட்டார் ஓடவில்லை என்றால் சுத்தியலால் அடிப்போமா? சப்ளை வருதா, ஃப்யூஸ் போயிருக்கா, பேரிங் இறுகிடுச்சா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பிள்ளைகள் விஷயத்திலும் அதுவே முறை. சிறப்புக் கவனம் தேவைப்படும் மாணவர்களில் முக்கியமான வகைகள் இவை:

1) பார்வை, செவிக் குறை: போர்டைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குவான், கூப்பிட்டால் திரும்ப மாட்டான். காதில் அடிக்கடி சீழ் வடிந்தாலும் கேட்கும் திறன் குறையும். முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான்.

2) கற்றல் குறைபாடு: புத்தி கூர்மையாக இருக்கும், வாயால் கேட்டால் டக்கென்று பதில் வரும். எழுத்து மட்டும் பிடிபடாது. 'கொ' எழுதக் கொம்பு முன்னால், கால் பின்னால். வரிசை குழம்பிப் போகும். வாசிப்பில் வந்தால் டிஸ்லெக்ஸியா, எழுத்தில் டிஸ்கிராஃபியா, கணக்கில் டிஸ்கால்குலியா.

3) அறிவுத்திறன் குறைபாடு: கற்பதோடு, அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்வதிலும் வயதுக்கேற்ற வளர்ச்சி இருக்காது. சின்னச் சின்னப் படியாகப் பிரித்து, திரும்பத் திரும்பச் சொல்லித் தரவேண்டும்.

4) ஆட்டிசம்: பிறரோடு பழகுவதும் பேச்சும் வேறு மாதிரி இருக்கும். மிகைத்துடிப்பு என்பது வேறு. அதில் ஓரிடத்தில் உட்கார முடியாது, கவனம் நிற்காது. அது "வால்தனம்" அல்ல.

5) மீத்திறன்: ஆமாம், இதுவும் ஒரு வகைதான்! பாடம் சீக்கிரம் புரிந்துவிடுவதால் சலித்துப்போய்க் குறும்பு செய்யும் பிள்ளைகளும் உண்டு.

ஒரே பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து இருக்கலாம். அதனால் நாமே பெயர் சூட்டிவிடக் கூடாது. கண்டறிய வேண்டியவர்கள் மருத்துவரும் சிறப்பாசிரியரும்தான்.

இந்தத் தெளிவு நம் நாட்டிலேயே மெதுவாகத்தான் வந்தது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் 1991இல் தொடங்கியது. ஆனால் 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின் 7 வகைகளில் கற்றல் குறைபாடு இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம்தான் பட்டியலை 21 ஆக்கி, கற்றல் குறைபாட்டையும் ஆட்டிசத்தையும் சேர்த்தது. உரிய சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர் போன்ற சலுகைகள் கிடைக்கும். ஃபெயில் ஆகிப் படிப்பை விட்ட பிறகு தெரிந்து என்ன பயன்?

நாம் செய்யக்கூடியது என்ன? தம்பி தங்கைக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ இந்த அறிகுறிகள் தெரிந்தால், பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்வோம். பள்ளித் தலைமையாசிரியரிடம் சொன்னால் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரைப் பார்க்க வழி செய்வார். வேலூர் சி.எம்.சி.யில் குழந்தை வளர்ச்சிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஒடுகத்தூரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம்.

பழுது எங்கே என்று பார்க்காமல் மெஷினைக் காயலான் கடைக்குப் போடுபவன் நல்ல டெக்னீஷியன் அல்ல. மெஷினுக்குக் காட்டும் பொறுமையைப் பிள்ளைக்குக் காட்ட மாட்டோமா? சிந்திப்போம், செயல்படுவோம்!