இரணைமடுவின் நீர்ப் பங்கு

கண்டி வீதி வழியாக ஆனையிறவைக் கடந்து தெற்கே செல்வோர் கிளிநொச்சி வயல்களைக் கண்டிருப்பர். அவற்றிற்கு நீரூட்டுவது இரணைமடுக் குளம். இரணை என்றால் இரட்டை. மடு என்றால் ஆழ்ந்த நீர்நிலை. வவுனியாப் பக்கத்தில் தோன்றி, வடக்கே ஓடிச் சுண்டிக்குளக் கடனீரேரியை அடையும் கனகராயன் ஆற்றை மறித்தே இக்குளம் அமைக்கப்பட்டது. பண்டை மன்னர் கட்டியது என்று எம் மாணவர் பலர் எண்ணுகின்றனர். அன்று, 1902 இல் ஆங்கிலேயர் ஆட்சியில் தொடங்கிய வேலை 1920 அளவிலேயே நிறைவெய்தியது.

குளம் இருந்தால் மட்டும் போதுமா? உழுவதற்கு ஆள் வேண்டுமே. குடாநாட்டில் நிலம் போதாமையால் 1930களில் அங்கிருந்து குடும்பங்கள் கொண்டுவரப்பட்டுக் குடியேற்றப்பட்டன. காட்டை வெட்டி, மலேரியாவுக்கு ஈடுகொடுத்துக் காணி திருத்தியவர்கள் அவர்கள். 1958, 1977 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையகத் தமிழரும் இங்கு வந்து சேர்ந்தனர். அவர்களுட் பலர் பிறர் வயலில் கூலிக்கு உழைத்தனரே ஒழிய, வாய்க்கால் நீருக்கு உரிமையுள்ள காணி அவர்களுக்கு எளிதிற் கிட்டவில்லை. இதனை நாம் போதிய அளவு பேசுவதில்லை.

காலபோகத்திற்கு மாரி மழை துணைநிற்கும். சிறுபோகமோ முற்றாகக் குளத்தையே நம்பியது. அணைக்கட்டு பலமுறை உயர்த்தப்பட்டும், எல்லா வயலுக்கும் சிறுபோகத்தில் நீர் போதாது. ஆகவே, மாரி முடிந்தபின் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து, எத்தனை ஏக்கர் விதைப்பது என்று அதிகாரிகளும் கமக்காரரும் கூட்டத்தில் தீர்மானிப்பர். கடைவாய்க்காலில் காணி உள்ளவர் அக்கூட்டத்தில் குரலை உயர்த்திப் பேசுவதில் வியப்பில்லை. தலைவாய்க்காலில் ஒருவர் மறித்தால் வாடுவது இவருடைய பயிரன்றோ!

இந்நிலையில்தான் இரணைமடு நீரை யாழ்ப்பாணத்திற்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம் எழுந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கி 2010 இல் அதற்குக் கடன் வழங்க முன்வந்தது. குடாநாட்டுக் கிணறுகள் உவர்ப்பதும், உரத்தால் கெடுவதும் உண்மை. ஆயினும் போரினால் 2008, 2009 ஆம் ஆண்டுகளில் ஊரோடு பெயர்ந்து, அப்போதுதான் மீண்டுவந்து கலப்பை பிடித்த கமக்காரர், சிறுபோகம் பறிபோகும் என அஞ்சினர். அவ்வச்சத்தைப் பிரதேசவாதம் என்று சிலர் இகழ்ந்தது முறையன்று என்பது என் எண்ணம். தாகத்திற்கும் பயிருக்கும் ஒரே குளத்தைக் காட்டியதிலேயே சிக்கல் பிறந்தது. இறுதியில் கடல்நீரை நன்னீராக்கும் வழி தேர்ந்தெடுக்கப்பட்டு, தாளையடியில் 2024 இல் நிலையம் திறக்கப்பட்டது.

குளமும் அதற்கிடையில் புனரமைக்கப்பட்டது. அணை 2 அடி உயர்ந்து, 36 அடி நீர் தேங்கும் கொள்ளளவோடு 2018 டிசம்பரில் கையளிக்கப்பட்டது. அம்மாதமே பெருமழை கொட்டியது. வான்கதவுகள் திறக்கப்பட, கீழே கனகராயன் ஆற்றோரக் குடியிருப்புகள் வெள்ளத்தில் மூழ்கின. கோடையில் நீர்மட்டத்தைக் கேட்டறியும் மக்கள், இப்போது மாரியிலும் வான்கதவு எப்போது திறக்கப்படும் என்று வானொலிக்குச் செவிசாய்க்கின்றனர்.