புடவைக்கு நாலு கடை. படிப்புக்கு ஒரு நடை கூடாதா?

ஒரு கல்யாணப் புடவை எடுக்க நாம் எத்தனை கடை ஏறி இறங்குகிறோம்! துணியைத் தடவிப் பார்த்து, முந்தானையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, சாயம் போகுமா என்று கேட்டு, அப்புறம்தான் பர்ஸைத் திறக்கிறோம். கத்தரிக்காய் வாங்கினால்கூட காம்பைப் பார்க்காமல் கூடையில் போடுவதில்லை. ஆனால் பெற்ற பெண்ணை மூன்று வருஷமோ நாலு வருஷமோ அனுப்பப் போகிற கல்லூரியை மட்டும், யாரோ சொன்ன ஒரு வார்த்தையிலும் செல்போனில் வந்த ஒரு படத்திலும் முடிவு செய்து விடுகிறோம். இது நியாயமா, சகோதரிகளே?

வெளிநாடுகளில் இதற்கென்றே ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் பல்கலைக்கழகங்கள் 'ஓப்பன் டே' என்று அறிவித்து, சேர விரும்பும் பிள்ளைகளையும் பெற்றோரையும் உள்ளே கூப்பிட்டு, வகுப்பறை, ஆய்வுக்கூடம், விடுதி எல்லாவற்றையும் சுற்றிக் காட்டுகின்றன. நம் ஊரிலும் இது இல்லாமல் இல்லை. சென்னை ஐ.ஐ.டி. 2025 ஜனவரி 3, 4 தேதிகளில் பொதுமக்களுக்காக வாசலைத் திறந்து வைத்தது. 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பக்கத்துக் கல்லூரிகளுக்குக் களப்பயணமாக அழைத்துப் போனார்கள். அமெரிக்காவில் அர்க்கன்சாஸ் பல்கலைக்கழகத்தார் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கல்லூரிக்குக் கூட்டிப்போய்க் காட்டி ஆராய்ந்தார்கள். போய்ப் பார்த்த பிள்ளைகளுக்கு, பார்க்காதவர்களைவிடக் கல்லூரி பற்றிய விவரம் கூடுதலாகத் தெரிந்திருந்தது. பள்ளியில் ஆசிரியர்களிடம் அதைப் பற்றிப் பேசுவதும் கூடியிருந்தது.

எங்கள் ஊர் ஆரணி. பட்டுக்குப் பேர்போன ஆரணி இல்லை. திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையம் பக்கம், ஆரணி ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர். கும்மிடிப்பூண்டி சிப்காட் வந்ததிலிருந்து இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கம்பெனி வேலைதான் ஆதாரம். பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கும் உடனே வேலை கிடைக்கிறது. மாதம் பிறந்தால் சம்பளம். "எதுக்கும்மா காலேஜு? எங்க கம்பெனியில ஆள் எடுக்கறாங்க, வரச் சொல்லு" என்று சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். வேலைக்குப் போவதைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் கம்பெனி வேன் தெருமுனைக்கே வந்து நிற்கிறது. கல்லூரி அப்படி வராது. அதன் வாசலுக்கு நாம்தான் போக வேண்டும். ஒரு முறையாவது உள்ளே நுழைந்து, அந்த மரத்தடியும் நூலகமும் தன் வயசுப் பெண்களும் எப்படி என்று பார்த்த பிள்ளைக்குத்தான் இரண்டையும் எடை போட்டுப் பார்க்கத் தெரியும். பார்க்காததை எப்படி ஆசைப்படுவாள்?

முன்பெல்லாம் என்ஜினீயரிங் கவுன்சலிங் என்றால் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு அப்பாவும் பெண்ணும் நேரில் போக வேண்டும். அந்தச் சாக்கில் ஒரு பெரிய கல்லூரி வளாகத்தையாவது பார்த்து விடுவார்கள். 2018 முதல் கவுன்சலிங் ஆன்லைனில் நடக்கிறது. அலைச்சலும் செலவும் மிச்சம், நல்லதுதான். ஆனால் வீட்டில் உட்கார்ந்தபடியே பட்டனை அமுக்கி, பார்த்தே இராத கல்லூரியில் இடம் வாங்கி விடலாம் என்றும் ஆகிவிட்டது. ஆகவே பார்க்கும் பொறுப்பு இப்போது முழுக்க நம்முடையது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். கல்லூரிப் பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டாம். பளபளவென்று அச்சடித்த புத்தகத்தைப் பார்த்துச் சேர்த்தார்கள். போன பிறகுதான் தெரிந்தது, அத்தனை பெண்களுக்கும் சேர்த்துத் தண்ணீர் சரியாக வராத இரண்டே கழிப்பறை. அந்தப் பெண் காலை 6 மணிக்கு வீட்டை விட்டால் மாலை திரும்பும் வரை தண்ணீரே குடிக்க மாட்டாள், எங்கே போக வேண்டி வருமோ என்று பயந்து. நாலு மாதத்தில் சிறுநீர்த் தொற்று, குளிர் காய்ச்சல், ஆஸ்பத்திரி. பாதியில் நின்றாள். கட்டிய பணத்தையும் சான்றிதழையும் வாங்க அவள் அம்மா நடந்த நடை கொஞ்சமில்லை. ஒரு வருஷம் வீட்டில் இருந்து, மறு வருஷம் வேறு கல்லூரியில் சேர்ந்து படித்தாள். போன வருஷம் போனதுதானே? அரை நாள் நேரில் போய்ப் பார்த்திருந்தால் அந்தக் கழிப்பறை கண்ணில் பட்டிருக்கும்.

அதனால், போகும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். ஒரு தாளில் குறித்துக் கொள்ளுங்கள்.

முதலில் வழி. பிள்ளை எந்த பஸ்ஸில், எந்த ரயிலில் போவாளோ அதே நேரத்தில் அதிலேயே நீங்களும் போங்கள். எங்கள் பக்கத்தார் பொன்னேரி அல்லது கவரைப்பேட்டைக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து மின்சார ரயில் பிடித்துச் சென்னைக்குப் போகலாம். எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், காலைப் பலகாரம் சாப்பிட நேரம் இருக்குமா, கடைசி வகுப்பு முடிந்தால் திரும்ப வண்டி உண்டா என்று கணக்குப் போடுங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மூன்று வருஷம் வெறும் வயிற்றோடு ஓடினால் பெண் என்னத்துக்கு ஆவாள்?

இரண்டாவது, கழிப்பறை. வெட்கப்படாமல் உள்ளே போய்ப் பாருங்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, மாதவிடாய் நாப்கின் போட மூடி போட்ட தொட்டி இருக்கிறதா? குடிதண்ணீர் எங்கே என்றும் கேளுங்கள். விடுதி என்றால் சமையலறையையும் எட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, படிப்பு. ஆய்வுக்கூடத்தில் கருவிகள் பூட்டிக் கிடக்கின்றனவா, பிள்ளைகள் கை பட்டுப் புழங்குகின்றனவா என்று பார்த்தாலே தெரியும். அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் யார் தந்தது என்று கேளுங்கள். உதாரணமாக, தமிழ்நாட்டில் பி.எஸ்.சி. நர்சிங் என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு உண்டா என்று விசாரிக்க வேண்டும். 'நர்சிங்' என்று போர்டு மாட்டியதெல்லாம் நர்சிங் கல்லூரி ஆகாது.

நாலாவது, பணம். எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். சேர்ந்து விலகினால் அசல் சான்றிதழ்களை நிறுத்தி வைக்கக் கூடாது, எத்தனை நாளுக்குள் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்றெல்லாம் பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் விதி போட்டிருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கப்பட்டது. அதற்கு அந்தக் கல்லூரியில் யாரைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டு வையுங்கள்.

ஐந்தாவது, பாதுகாப்பு. ராகிங், பாலியல் தொல்லை இவற்றுக்குப் புகார் கேட்கும் குழு உண்டா, அதில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொன்னால் நல்ல கல்லூரி.

கடைசியாக ஒன்று: சுற்றிக் காட்டுகிறவர் நல்லதைத்தான் காட்டுவார். அதனால் இரண்டாம் வருஷம் படிக்கும் பெண் ஒருத்தியைத் தனியாகப் பிடித்து, "எப்படிம்மா இருக்கு இங்க?" என்று கேளுங்கள். பாதி விஷயம் அங்கேயே வந்து விடும். உங்கள் பெண்ணையும் கொஞ்ச நேரம் தனியே சுற்ற விடுங்கள். படிக்கப் போகிறவள் அவள்தானே!

"எங்க பக்கத்துக் கல்லூரியில அப்படியெல்லாம் நாள் வைக்கறதில்லையே" என்பீர்கள். அலுவலகத்துக்கு ஒரு போன் செய்து, "பெண்ணைச் சேர்க்கலாம்னு இருக்கோம், வந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வகுப்பு நடக்கும் நாளில் போங்கள். பிளஸ் டூ பரீட்சை முடியும் வரை காத்திருக்க வேண்டாம். பிளஸ் ஒன்னிலேயே பார்த்தால் யோசிக்க நேரம் இருக்கும். தூரம் போக முடியாதவர்கள் பக்கத்திலிருந்து தொடங்கலாம். எங்களுக்குப் பொன்னேரியிலேயே உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரி இருக்கிறது. நாலு வருஷ மீன்வளப் படிப்பு சொல்லித்தரும் மீன்வளக் கல்லூரியும் இருக்கிறது. மீனுக்கு ஒரு பட்டப்படிப்பா என்று கேட்கிற அம்மாக்கள் கட்டாயம் அதைப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை, லீவு கிடைக்காது என்று தள்ளிப் போடாதீர்கள். நீங்களே கூட்டிக்கொண்டு போகலாம். ஆங்கிலம் தெரியாதே என்ற கூச்சமும் வேண்டாம். நாம் கேட்கிற கேள்விகளுக்குத் தமிழே போதும். பள்ளியில் கல்லூரிக் களப்பயணத்துக்குக் கூப்பிட்டால், "வயசுப் பொண்ணு, வெளியே எதுக்கு" என்று மறுக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். கைக்குழந்தை வைத்திருக்கும் இளம் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை: அக்கா மகளுக்கோ நாத்தனார் மகளுக்கோ துணையாகப் போகும்போது உங்கள் குழந்தையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போங்கள். பெரிய படிப்பு படிக்கிற இடம் நமக்கும் உரியதுதான் என்பது, கோயில் குளம்போல, சின்ன வயசிலேயே கண்ணில் படட்டும்.